கைத்தொலைபேசியும் நீதிமன்றப் படியும்



சட்டத்தின் முன் எல்லோரும் சமம். ஆனால் அந்தச் சட்டம் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர, தோட்டத் தொழிலாளி என்ன பாடுபட வேண்டியிருந்தது என்பதை நம்மில் மூத்தவர்கள் நன்கு அறிவார்கள். ஒரு நாள் வேலையை விட்டால் அன்றையச் சம்பளம் போய்விடும். பேருந்து பிடித்துப் பட்டணம் போக வேண்டும். மனு எழுத ஆள் தேட வேண்டும். விசாரணை ஒத்திவைக்கப்பட்டால் இத்தனையும் மறுபடி. "போனது போகட்டும்" என்று உரிமையைக் கைவிட்டவர்கள் எத்தனையோ பேர். இந்த நிலையைக் கணினியும் கைத்தொலைபேசியும் எந்த அளவுக்கு மாற்றியிருக்கின்றன என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் நீதிமன்றத்தைப் பார்ப்போம். மலேசியாவில் 2011-ஆம் ஆண்டு முதல் வழக்குப் பத்திரங்களைக் கணினி வழியே தாக்கல் செய்யும் முறை நடைமுறைக்கு வந்தது. அதுவரை கட்டுக்கட்டாகக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு வழக்கறிஞர்களின் ஆட்கள் நீதிமன்ற அலுவலகத்தில் காத்துக் கிடப்பார்கள். பிறகு, கொரோனா நோய் பரவிய 2020-ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. நீதியின் நலனுக்கு உகந்தது என்று நீதிமன்றம் கருதினால், நேரில் வராமல் திரை வழியாகவே விசாரணையை நடத்தலாம் என்று அத்திருத்தம் வகை செய்தது. தொலைவில் இருப்பவருக்கு இது பயணச் செலவையும் அலைச்சலையும் மிச்சப்படுத்தும். ஆனால், தோட்டத்தில் அலைவரிசை சரியாகக் கிடைக்காதவருக்கும், திரையைப் பார்த்துப் பேசிப் பழகாதவருக்கும் இதே வசதி தடையாகவும் ஆகலாம். அப்படிப்பட்டவர்கள் தங்கள் நிலையை முன்கூட்டியே எடுத்துச் சொல்ல வேண்டும்.

அடுத்தது சாட்சியம். முன்பெல்லாம் "நாளைக்கு வேலைக்கு வராதே" என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டால், அதை மெய்ப்பிப்பது மிகவும் கடினம். இன்று அந்தச் சொல் பெரும்பாலும் புலனத்தில் செய்தியாக வருகிறது. நமது 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 1993-இல் செய்யப்பட்ட திருத்தம், கணினியிலிருந்து பெறப்படும் ஆவணங்களையும் சாட்சியமாக ஏற்க வழி செய்தது. தொழிலியல் நீதிமன்றமோ, சட்ட நுணுக்கங்களைப் பிடித்துக்கொண்டிராமல், நியாயத்தையும் மனச்சாட்சியையும் வழக்கின் உண்மையான தன்மையையும் பார்த்துத் தீர்ப்பளிக்க வேண்டும் என்று சட்டமே கூறுகிறது. ஆகவே வேலை தொடர்பான செய்திகளை அழித்துவிடாதீர்கள். சம்பளச் சீட்டைப் படம் பிடித்து வையுங்கள். படத்தில் தேதியும் அனுப்பியவர் எண்ணும் தெரிய வேண்டும். அதை வீட்டில் இன்னொருவர் கைத்தொலைபேசிக்கும் அனுப்பி வைத்தால், ஒன்று உடைந்துபோனாலும் மற்றொன்றில் இருக்கும்.

ஊழியர் சேமநிதிக் கணக்கும் அப்படித்தான். சம்பளத்தில் பிடித்த பணத்தை முதலாளி கட்டினாரா இல்லையா என்பதை அறிய, முன்பு ஆண்டு அறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டும். இப்போது கணக்கைக் கைத்தொலைபேசியிலேயே மாதந்தோறும் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு மாதம் பணம் ஏறவில்லையென்றால் அப்போதே கேட்கலாம். பத்து ஆண்டு கழித்து, தோட்டம் கைமாறிய பிறகு கேட்பதைவிட அது எவ்வளவோ மேல்.

இப்போது மிக முக்கியமான ஒன்று. நியாயமான காரணமின்றி வேலையிலிருந்து நீக்கப்பட்டதாகக் கருதும் தொழிலாளி, 1967-ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டப்படி, நீக்கப்பட்ட 60 நாட்களுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் மனுச் செய்ய வேண்டும். சமரசம் ஏற்படாவிட்டால் அந்த மனு தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போகும். முன்பு அதை அனுப்புவதா வேண்டாமா என்பதை அமைச்சர் முடிவு செய்தார். 2021 முதல் இலாகாவின் தலைமை இயக்குநரே நேராக அனுப்பிவிடுகிறார். ஆயினும் 60 நாள் என்ற வரம்பு மாறவில்லை. எத்தனை இயந்திரங்கள் வந்தாலும், கடந்துபோன நாளை எந்த இயந்திரமும் மீட்டுத் தராது.

இங்கேதான் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. கேள்வி கேட்டால் மனிதரைப்போலப் பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவு இன்று பிள்ளைகளின் கையில் இருக்கிறது. கடிதம் எழுதவும், மலாய் மொழியில் வந்த நோட்டீசின் பொருளை அறியவும் அது உதவும். ஆனால் அது சொல்வதெல்லாம் வேதவாக்கல்ல. 2023-இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்களே அதை நம்பி, நடக்காத வழக்குகளின் தீர்ப்புகளை நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டி, 5,000 டாலர் அபராதத்துக்கு ஆளானார்கள். ஆஸ்திரேலியாவில் இத்தகைய மனுவுக்கு 21 நாள்தான் கெடு. அந்நாட்டுச் சட்டத்தை நம் நாட்டுச் சட்டமென்று அது சொல்லிவிட்டால், "கெடு தாண்டிவிட்டதே" என்று உரிமையுள்ளவரும் வீட்டிலேயே இருந்துவிடுவார் அல்லவா?

நீதிபதிகளும் இதில் கவனமாகவே இருக்கிறார்கள். 2020 பிப்ரவரியில் கோத்தா கினபாலு நீதிமன்றத்தில் தண்டனையைப் பரிந்துரைக்கச் செயற்கை நுண்ணறிவு பயன்படுத்தப்பட்டது. அது பரிந்துரை மட்டுமே. தண்டனையை முடிவு செய்யும் பொறுப்பு நீதிபதியிடமே இருந்தது.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளைகளின் உதவியோடு ஆதாரங்களைச் சேர்த்து வையுங்கள். வேலை நின்ற தேதியை நாட்காட்டியில் குறித்து, 60-ஆவது நாள் எது என்று அன்றே எண்ணிப் பாருங்கள். சம்பளப் பாக்கி என்றால் தொழிலாளர் இலாகாவுக்குச் செல்லுங்கள். அங்கே வழக்கறிஞர் இல்லாமலேயே உங்கள் வழக்கை நீங்கள் எடுத்துரைக்கலாம். ஐயம் இருந்தால் தொழிற்சங்கத்தையோ, வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ அணுகுங்கள். கைத்தொலைபேசி வழியைக் காட்டும். மனுவில் கையொப்பமிட்டுக் காலத்தில் சேர்ப்பிக்க வேண்டியவர் நீங்கள்தான்.