பிறந்த வாரத்துப் பாட்டு

1967 மார்ச் 18 அன்று லண்டனில் ஒரு குழந்தையும் நியூயார்க்கில் ஒரு குழந்தையும் பிறந்ததாக வைத்துக்கொள்வோம். வளர்ந்தபின் இருவரும் 'நான் பிறந்த வாரத்தில் எந்தப் பாட்டு முதலிடத்தில் இருந்தது?' என்று தேடுகிறார்கள். நியூயார்க்காரருக்குக் கிடைப்பது பீட்டில்ஸ் குழுவின் 'பென்னி லேன்'. பீட்டில்ஸின் சொந்த நாட்டில் பிறந்தவருக்கோ 'ரிலீஸ் மீ' என்ற பாட்டு. அதைப் பாடிய எங்கெல்பர்ட் ஹம்பர்டிங்க் பிறந்த ஊர் எது தெரியுமா? சென்னை. 1936 மே மாதம், பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவரின் மகனாக இங்கே பிறந்து, சிறுவயதிலேயே இங்கிலாந்தின் லெஸ்டர் நகருக்குப் போனவர். அப்போது அவர் பெயர் அர்னால்ட் ஜார்ஜ் டார்சி.

'ரிலீஸ் மீ' பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் ஆறு வாரம் முதலிடத்தில் நின்றது, பட்டியலைவிட்டு இறங்காமல் 56 வாரம் இருந்தது. அது அவருக்காக எழுதப்பட்ட பாட்டும் இல்லை. பழைய அமெரிக்க கன்ட்ரி பாட்டு ஒன்றை எடுத்து அவர் தன் பாணியில் பாடினார். வேறொருவர்மேல் காதல் வந்துவிட்டது, என்னை விட்டுவிடு என்று துணையிடம் கெஞ்சுகிற சங்கதி. பிறந்தநாள் வாழ்த்து அட்டையில் போடத் தோதான விஷயமா என்றால், இல்லைதான். ஆனால் பிறந்த வாரத்துப் பாட்டை யாரும் தேர்ந்தெடுக்க முடியாது, ஜாதகம் மாதிரி வாய்த்தது வாய்த்ததுதான்.

மேலைநாடுகளில் இப்படித் தேடுவது பிரபலமான பொழுதுபோக்கு. ஐம்பதாவது, அறுபதாவது பிறந்தநாள் விருந்துகளில் அந்தப் பாட்டைப் போட்டு ஆடுவார்கள். பிறந்த தேதியைத் தட்டினால் கணினி ஒரு நொடியில் பதில் சொல்கிறது. அந்தப் பதில் அவ்வளவு உறுதியானதா என்பதுதான் கேள்வி.

பிரிட்டனில் ரிக்கார்டு விற்பனைப் பட்டியல் முதன்முதலில் அச்சானது 1952 நவம்பர் 14ல். 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' பத்திரிகையின் விளம்பரப் பிரிவில் இருந்த பெர்சி டிக்கின்ஸ் சுமார் 20 ரிக்கார்டு கடைகளுக்குப் போன் போட்டார். இந்த வாரம் எது நன்றாக விற்றது என்று ஒவ்வொரு கடைக்காரரிடமும் கேட்டு எழுதிக்கொண்டார். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து 12 இடங்கள் போட்டார். சில இடங்களில் பாட்டுகள் சமமாக வந்து நின்றதால், 12 இடத்தில் 15 பாட்டுகள்! முதலிடம் அல் மார்ட்டினோ பாடிய 'ஹியர் இன் மை ஹார்ட்' பாட்டுக்கு. ஒன்பது வாரம் அது நகரவில்லை. ஆக, அந்த நவம்பர் நடுவிலிருந்து அடுத்த ஜனவரி நடுவரை பிரிட்டனில் பிறந்த அத்தனை பேருக்கும் ஒரே பாட்டு. 1936ல் பிறந்த ஹம்பர்டிங்குக்கு அவர் வளர்ந்த நாட்டின் பட்டியலில் தேடினால் பாட்டே கிடையாது.

டிக்கின்ஸின் யோசனை நன்றாக ஓடியது. உடனே மற்றவர்களும் இறங்கினார்கள். 1960 வாக்கில் 'மெலடி மேக்கர்', 'டிஸ்க்', 'ரிக்கார்ட் ரீடெய்லர்' என ஆளுக்கொரு பட்டியல் வந்தது. கேட்ட கடைகள் வேறு, எண்ணிய விதம் வேறு. விடை மட்டும் ஒன்றாக எப்படி இருக்கும்? 1963 பிப்ரவரியில் பீட்டில்ஸின் 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்', 'மெலடி மேக்கர்', 'டிஸ்க்' மூன்றிலும் முதலிடம். 'ரிக்கார்ட் ரீடெய்லர்' மட்டும் அதை இரண்டாம் இடத்தில் நிறுத்தி, ஃபிராங்க் ஐஃபீல்டின் 'தி வேவர்ட் விண்ட்' பாட்டை மேலே வைத்தது. மற்ற பெரிய பத்திரிகைகள் நூறு கடைகளுக்குமேல் விசாரித்த காலத்தில் இது விசாரித்தது சுமார் 30 கடைகளை.

இருந்தும் இன்று வரலாறாக நிற்பது அந்த 30 கடைக் கணக்குதான். 1977ல் கின்னஸ் நிறுவனம் பிரிட்டிஷ் ஹிட் பாட்டுகளின் தொகுப்பு நூலை வெளியிட்டபோது, 1960 மார்ச்சுக்குப் பிறகான ஆண்டுகளுக்கு 'ரிக்கார்ட் ரீடெய்லர்' பட்டியலையே எடுத்துக்கொண்டது. நூல் பரவியது, அதுவே பிரமாணம் ஆயிற்று. 2000ல் பீட்டில்ஸின் முதலிடப் பாட்டுகளைத் திரட்டி '1' என்ற பெயரில் ஆல்பம் வந்தபோது 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' அதில் இல்லை. அந்த வாரங்களில் லிவர்பூலில் பிறந்தவர், தன் ஊர்ப் பையன்களின் பாட்டை விட்டுவிட்டு ஐஃபீல்டை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அநியாயம் என்று அவர் சொன்னால் மறுக்க முடியாது.

பிபிசி வேறு வழி கண்டது. எல்லாப் பட்டியல்களையும் சேர்த்துச் சராசரி எடுத்து வாசித்தது. 1968 ஆகஸ்டில் அந்தக் கணக்கு மூன்று பாட்டுகளை ஒரே நேரத்தில் முதலிடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது! அதற்குமேல் தாங்காது என்று 1969 பிப்ரவரியிலிருந்து பொதுவான ஒரு பட்டியல் வந்தது. விற்கும் ஒவ்வொரு ரிக்கார்டையும் கடைக்காரர் நோட்டில் குறித்துவைத்து, வாராவாரம் தபாலில் அனுப்ப வேண்டும். 1971ல் பிரிட்டனில் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, இந்த ஏற்பாடும் தடுமாறிப் போனது.

அமெரிக்காவில் 'பில்போர்ட்' இதழின் 'ஹாட் 100' பட்டியல் 1958 ஆகஸ்ட் 4ல் தொடங்கியது. முதல் முதலிடம் ரிக்கி நெல்சனின் 'புவர் லிட்டில் ஃபூல்'. இங்கே விற்பனையோடு வானொலியில் ஒலித்த கணக்கும் சேரும். சிக்கல் வேறு இடத்தில். பட்டியலுக்கு மேலே போடும் தேதி, கணக்கெடுத்த நாட்களின் தேதி அல்ல. இப்போதைய முறைப்படி ஒரு வியாழக்கிழமையோடு கணக்கு முடிந்தால், ஒன்பது நாள் கழித்து வரும் சனிக்கிழமையின் தேதியில் பட்டியல் வருகிறது. பிறந்த நாளன்று உண்மையில் முன்னால் நின்ற பாட்டு வேண்டுமென்றால், ஒன்றிரண்டு வாரம் தள்ளியுள்ள பட்டியலைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு கூத்தும் உண்டு. 'நோ டவுட்' குழுவின் 'டோன்ட் ஸ்பீக்' பாட்டை அமெரிக்க வானொலிகள் ஓயாமல் போட்டன. வானொலிப் பட்டியலில் 16 வாரம் அதுவே முதல். ஆனால் 'ஹாட் 100'இல் கடைசி இடத்தில்கூட அந்தப் பெயர் வந்ததில்லை. தனிப்பாட்டாகக் கடையில் விற்பனைக்கு வராத எதுவும் பட்டியலில் சேராது என்பது அன்றைய விதி. 1998 டிசம்பரில்தான் அதைத் தளர்த்தினார்கள்.

குயீன் குழுவின் 'பொஹீமியன் ராப்சடி' கதை நேர்மாறு. 1975 இறுதியில் பிரிட்டனில் ஒன்பது வாரம் முதலிடம்; பாடகர் ஃபிரெடி மெர்க்குரி 1991 நவம்பரில் இறந்தபின் மறுபடி வெளியாகி ஐந்து வாரம். அக்கா 1975 டிசம்பரிலும் தம்பி 1991 டிசம்பர் கடைசியிலும் பிறந்திருந்தால் இருவருக்கும் ஒரே பாட்டு.

ஸ்ட்ரீமிங் வந்தபின் கணக்கு இன்னும் குழம்பியது. 2017 மார்ச்சில் எட் ஷீரன் ஆல்பம் ஒன்றை வெளியிட, பிரிட்டனின் முதல் 20 பாட்டுகளில் 16 அவருடையவையாகிவிட்டன. பிறகு, ஒரு பாடகருக்கு அதிகபட்சம் மூன்று பாட்டு என்று கட்டுப்பாடு கொண்டுவர வேண்டியிருந்தது.

நம் பக்கத்தில்? 1952ல் இலங்கை வானொலியில் தொடங்கி, அமீன் சயானியின் குரலில் வாராவாரம் ஒலித்த 'பினாகா கீத்மாலா' இந்திப் பாட்டுகளை வரிசைப்படுத்தியது. தமிழ் வீடுகளில் காலத்தைக் கணக்கிடும் வழக்கமே வேறு. 'மதுரை வீரன் வந்த வருஷம் பிறந்தவன்' என்று சொன்னால் 1956 என்று புரிந்துகொள்வார்கள். வாராந்தர பட்டியலைவிட இது நம்பகமானது என்றே சொல்லலாம்; படம் வெளியான தேதி பத்திரிகை விளம்பரத்தில் இருக்கிறது, எந்தக் கடைக்காரருக்கும் போன் போட வேண்டியதில்லை. வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு வையுங்கள்: உங்களைப் பெற்றபோது ஊர்க் கொட்டகையில் என்ன படம் ஓடிக்கொண்டிருந்தது, டீக்கடை ரேடியோவில் எந்தப் பாட்டு.