வான்கோழித் துண்டிலிருந்து இதயக் குழாய் வரை

1981 நவம்பர் 27. நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஐ.பி.எம். ஆய்வகத்துக்கு விஞ்ஞானி ரங்கசாமி சீனிவாசன் ஒரு பொட்டலத்தோடு வந்தார். உள்ளே, முதல் நாள் 'தேங்க்ஸ்கிவிங்' விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து அமெரிக்கா போனவர் அவர். எக்ஸைமர் லேசரின் புற ஊதாக் கதிரை அந்த வான்கோழித் துண்டின்மேல் பாய்ச்சினார். கதிர் பட்ட இடம் துல்லியமாக வெட்டுப்பட்டது. பக்கத்துச் சதை கருகவே இல்லை.

கண்ணாடியைக் கழற்ற வைக்கும் 'லேசிக்' அறுவைச் சிகிச்சை இதிலிருந்து பிறந்தது. இதய மருத்துவர்களுக்கும் இந்தக் கருகாத வெட்டுதான் தேவைப்பட்டது. அதுவரை அவர்கள் முயன்ற லேசர்கள் இதய ரத்தக் குழாயில் உள்ள அடைப்போடு குழாய்ச் சுவரையும் சுட்டு, ஓட்டை போட்டுவிடும் அபாயம் இருந்தது.

இதயத்துக்குப் பயன்படுவது 308 நானோமீட்டர் அலைநீளக் கதிர். மணிக்கட்டு அல்லது தொடை வழியாக மெல்லிய கம்பியை முதலில் அடைப்பைத் தாண்டிச் செலுத்துவார்கள். அதன்மேல் ஒளியிழைகள் கொண்ட குழாய் நகரும். நுனியின் விட்டம் 0.9 மில்லிமீட்டரிலிருந்து 2 மில்லிமீட்டர் வரை. ஒவ்வொரு துடிப்புக் கதிரும் திசுவில் சுமார் 50 மைக்ரான் ஆழம்தான் இறங்கும். கொழுப்பும் நார்த்திசுவும் நுண்துகள்களாகச் சிதறும். கூடவே சலைன் பாய்ச்சுவது முக்கியம். ஆஞ்சியோகிராம் சாயம் அங்கே தேங்கினால், கதிரை உறிஞ்சிக் குமிழியாக வெடித்துச் சுவரைக் கிழிக்கக்கூடும்.

அமெரிக்க அரசு 1990-களின் தொடக்கத்தில் இந்த லேசர் சிகிச்சைக்கு அனுமதி தந்தபோது, அடைப்பை விரித்துத் திறக்கும் பலூனின் காலம் முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள். நெதர்லாந்தில் 308 நோயாளிகளிடம் நடந்த 'ஆம்ரோ' ஆய்வு 1996-இல் அந்த ஆசையில் மண் போட்டது. சாதாரண அடைப்பில் பலூனைவிட லேசர் மேலாக எதையும் சாதிக்கவில்லை.

ஆனாலும் அது ஒழிந்துபோகவில்லை. பலூன் நுழையவே முடியாத இறுக்கமான அடைப்பு, குழாயைத் திறந்து வைக்கப் பொருத்திய ஸ்டென்ட் எனும் வலைக்குழாய்க்குள் மீண்டும் வளர்ந்த திசு, சரியாக விரியாத ஸ்டென்ட், ரத்தக்கட்டி ஆகிய இடங்களில் இன்றும் கைகொடுக்கிறது. கல்லாய் இறுகிய சுண்ணாம்புப் படிவத்தில் மட்டும் அதன் பலம் குறைவு. அங்கே வைரத்துகள் பதித்த சுழல் கருவி முந்திக்கொள்கிறது.

லேசர் வழி திறந்துவிட்ட பிறகும் பெரும்பாலும் பலூனும் ஸ்டென்டும் வரத்தான் வேண்டும். ஆகவே 'லேசர்' என்ற சொல்லைக் கேட்டதும் மயங்க வேண்டாம். “என் அடைப்புக்குப் பலூன் மட்டும் ஏன் போதாது?” என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் வந்தால்தான் அந்தச் செலவுக்கு அர்த்தம்.