ஏணியில் ஏறிய நூல்கள்



எங்கள் வீட்டு நெற்குதிருக்கென்று செய்த தேக்கு ஏணி ஒன்று, குதிர் போன பின்பும் கொல்லையில் கிடந்தது. நீளம் 12 அடி. ஓரடிக்கு ஒன்றாகப் படிகள் 12. விறகாகட்டும் என்று வீட்டார் தீர்ப்புக் கூறிவிட்டனர். அந்நாளில் எங்கள் ஊர்ப் பள்ளியொன்றில் சிறுவர் நூல்களெல்லாம் மரப்பெட்டிக்குள் பூட்டுண்டு கிடந்தன. அடுக்கி வைக்க அலமாரி இல்லையாம். ஓய்வு பெற்றவனுக்கு வேறு வேலை என்ன? ஏணியை அலமாரியாக்க முனைந்தேன்.

முதற்கண் மரத்தைச் சோதித்தோம். தட்டினால் நல்ல மரம் கணீரென்னும். உளுத்தது மந்தமாக ஒலிக்கும். கத்திமுனை எளிதில் இறங்கினாலும், துளையிலிருந்து மாவு உதிர்ந்தாலும் அப்பகுதி ஆகாது. பிளந்திருந்த படி ஒன்றை மாற்றினோம்.

பிறகு ஆறாம் படிக்கும் ஏழாம் படிக்கும் நடுவே அறுத்தோம். கிடைத்த இரண்டு சிற்றேணிகளையும் 3 அடி இடைவிட்டு எதிரெதிரே நிறுத்தி, இருபுறத்துப் படிகளின்மேல் ஓரங்குலப் பலகைகளைக் கிடத்தினோம். எங்கள் ஏணி மேலே செல்லச் செல்லக் குறுகுவது. ஆதலால் பலகையின் அகலத்தைக் குறுகிய பாதிக்கு ஏற்பவே அளந்தோம்.

அதென்ன 3 அடிக் கணக்கு? ஓரடி நீளத்துக்கு நெருக்கி அடுக்கிய நூல்கள் ஏறக்குறைய 10 கிலோ எடை வரும். அப்படியானால் ஒரு தட்டுக்கு 30 கிலோ. ஒரு படிக்கு 15 கிலோ. ஆளையே சுமந்த படிக்கு இது பெரிதன்று. தொய்வது பலகைதான். அதே பலகையில் அதே நெருக்கத்தில் நூல்களை அடுக்கி, இடைவெளியை மட்டும் 6 அடியாக்கினால், நடுவிலே தொய்வு இரு மடங்காகாது, 16 மடங்காகும்! பலகையின் கனத்தை இரட்டித்தாலோ தொய்வு எட்டில் ஒன்றாகக் குறையும்.

இவ்வளவும் கணக்கிட்டவன் ஓரிடத்தில் சறுக்கினேன். நூல்களை அடுக்கிய மறுகணமே அலமாரி முழுதும் பக்கவாட்டில் சாயத் தொடங்கிற்று. தச்சர் பாய்ந்து பிடித்தார். "ஐயா, பின்னாலே குறுக்குச் சட்டம் போடலீங்களே!" என்றார். நாற்கோணம் பக்க அளவுகள் மாறாமலே உருக்குலையும், முக்கோணம் குலையாது என்று முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியவன் நான்! மூலைக்கு மூலையாக இரண்டு சட்டங்களைப் பெருக்கற்குறிபோல் வைத்துத் திருகாணியால் முடுக்கியதும் அசைவு நின்றது. பலகைகளையும் படிகளோடு திருகாணியால் பிணைத்தோம். மேற்பகுதியைச் சுவரோடு பிடித்துக் கட்டினோம். சிறுவர் ஏறிப் பார்க்காமல் இருப்பார்களா?

கால்களின்கீழ்த் தட்டைக் கற்கள் வைத்தோம்; சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே ஒரு சாண் இடமும் விட்டோம். கறையான் எழுப்பும் மண்கோடு கண்ணுக்குத் தப்பக்கூடாதல்லவா? மேலே ஆளிவிதை எண்ணெய் பூசியதோடு சரி. படிகளின் நடுவே கால் பட்டுத் தேய்ந்த பள்ளங்களை இழைக்க வேண்டாமென்று தடுத்துவிட்டேன்.

கீழ் நான்கு தட்டுகள் சிறுவர் கைக்கு எட்டுவன. பூட்டு இல்லை. நூல்கள் காணாமற்போகும் என்று ஆசிரியர் ஒருவர் அஞ்சினார். அவ்வாறே முதலாண்டில் இரண்டு போயின. பூட்டிய பெட்டியைத் திறந்த அன்று இராமபாணப் பூச்சி தின்றிருந்த நூல்களை நான் எண்ணியிருந்தேன், அவை பதினொன்று.