பழைய பெஞ்சிலிருந்து ஒரு தாங்கி

எண்ணும் எழுத்தும் வகுப்புகளுக்குப் பின்னத் தட்டுகள், ஆணிப்பலகைகள், எழுத்து வடிவங்கள் என்று எத்தனை செய்தாலும் போதுவதில்லை. அட்டையில் வெட்டியவை ஒரு பருவம்கூட நிற்பதில்லை. மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் ஒரு பொருளைக் கற்றுக்கொள்ளும் வேகமும் கிழிக்கும் வேகமும் ஏறத்தாழ ஒன்றே. மரத்தில் செய்தால் பல ஆண்டு வரும். ஆனால் அரை, கால், மூன்றில் ஒன்று என்ற துண்டுகள் இருபது செட் வேண்டுமென்றால், இருபதும் ஒரே அளவில் இருக்க வேண்டும். இரண்டு கால் துண்டுகளைச் சேர்த்தால் அரைத் துண்டின்மீது சரியாகப் பொருந்தவில்லை என்றால் நாம் பின்னத்தைக் கற்பிக்கவில்லை, ஐயத்தைக் கற்பிக்கிறோம்.

இந்த ஒரே அளவைத் தருவதுதான் ரூட்டர் இயந்திரம். சென்னையில் உள்ளலங்கார மரவேலை செய்யும் எங்கள் முன்னாள் மாணவர் ஒருவர் தாம் பயன்படுத்திய ரூட்டரைப் பள்ளிக்குத் தந்தார். வழக்கமாக அதைக் கையில் பிடித்து மரத்தின்மேல் நகர்த்துவார்கள். சிறு துண்டுகளுக்கு அது ஒத்துவராது. இயந்திரத்தைத் தலைகீழாக ஒரு மேசைக்கு அடியில் பொருத்தி, வெட்டும் பிட் மட்டும் மேலே நீட்டும்படி வைத்துவிட்டால், மரத்தை நகர்த்தினால் போதும். பேரிங் உள்ள பிட்டைப் போட்டு, மரத்துண்டின்மேல் அச்சுப் பலகையை ஒட்டி நகர்த்தினால் அச்சின் ஓரத்தைப் பேரிங் தொட்டுக்கொண்டே போகும். மரம் அதே வடிவில் வெட்டுப்படும். எங்கள் மாணவர்களுக்கு இதை விளக்க நேரமே ஆகவில்லை. ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் காலணிக்குத் தோல் வெட்டுவது இரும்பு டையை வைத்து அழுத்தித்தான். தோல் தொழிற்சாலைக்குப் போகும் உறவினர் இல்லாத வீடு எங்கள் வகுப்பில் குறைவு. “டை மாதிரிதானே சார்?” என்று ஒரு மாணவி கேட்டுவிட்டாள். அதற்குமேல் நான் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

மேசைப்பலகையைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது அதன் கால்களைப் பற்றி. ஆடும் தாங்கியின்மேல் ரூட்டரை ஓட்டுவது ஆபத்து என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். நிமிடத்துக்கு 24,000 சுற்று என்றால் நொடிக்கு 400 சுற்று. 12 மி.மீ. விட்டமுள்ள பிட்டின் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 15 மீட்டர், அதாவது மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. அதே சுற்றில் 40 மி.மீ. பிட்டைப் போட்டால் மணிக்கு 180 கி.மீ. பெரிய பிட்டுக்கு வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது இதனால்தான். வட்டத்தின் சுற்றளவு பாடத்தில் சைக்கிள் சக்கரக் கணக்கோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். இந்த வேகத்தில் சுழலும் ஒன்றின் அருகே விரல்கள் இருக்கும்போது மேசை ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலும் போதும்.

தாங்கிக்கு மரம், பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்ட பழைய டெஸ்க் பெஞ்சுகளிலிருந்து வந்தது. உடைந்து மூலையில் கிடக்கிறதே என்று எடுத்து அறுத்துவிடக் கூடாது. தலைமையாசிரியரின் எழுத்துப்பூர்வ அனுமதி, பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம், இருப்புப் பதிவேட்டில் உரிய குறிப்பு ஆகிய மூன்றும் முடிந்த பிறகே ரம்பத்தைக் கையில் எடுக்க வேண்டும். பழைய பெஞ்சு மரத்தில் ஒரு நன்மை உண்டு. பல கோடைகளைப் பார்த்துக் காய்ந்து இறுகியிருக்கும், இனிமேல் முறுக்காது. ஆனால் உள்ளே முறிந்த ஆணிகள் இருக்கும். ஒரு காந்தத்தை மரத்தின்மேல் மெல்ல நகர்த்திப் பார்த்துத் தேடி எடுக்கும் வேலையை ஆறாம் வகுப்புக் குழந்தைகளிடம் விட்டேன். புதையல் வேட்டை போல நடந்தது.

அளவுகளுக்கு வருவோம். நான்கு கால்களின் மையங்களையும் 60 செ.மீ., 45 செ.மீ. பக்கங்கள் கொண்ட செவ்வகத்தில் வைத்தோம். இந்த எண்களுக்குக் காரணம் உண்டு. 45, 60, 75 என்பது 3, 4, 5-இன் பதினைந்து மடங்கு. மூலைவிட்டம் மிகச் சரியாக 75 செ.மீ. வர வேண்டும். மூலைமட்டம் சிறியது, அதன் நுனியில் தெரியாத பிசகு அரை மீட்டர் தள்ளிப் பெரிதாகிவிடும். டேப்பால் மூலைவிட்டத்தை அளந்தால் அந்தப் பிசகு ஒளிய முடியாது. கட்டடக் கொத்தனார்கள் கயிற்றில் 3, 4, 5 அடி அளந்து மூலை பிடிப்பதை நம் மாணவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். அதற்கும் எட்டாம் வகுப்புப் பிதாகரஸ் தேற்றத்துக்கும் உறவு உண்டு என்று பெரும்பாலோருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக இருந்தால் செவ்வகம் என்று தச்சர்கள் சொல்வார்கள். எதிரெதிர்ப் பக்கங்களும் சமமாக இருந்தால்தான் அது உண்மை. இருசமபக்கச் சரிவகத்திலும் மூலைவிட்டங்கள் சமமே. சட்டங்களைச் சோடி சோடியாக ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சேர்த்தே அறுக்கும் தச்சருக்கு இந்த நிபந்தனை தானாகவே நிறைவேறிவிடுகிறது. அதனால் அவர் அதைச் சொல்வதில்லை. நாம் சொல்லியாக வேண்டும்.

மேசையின் மேல்பரப்பு தரையிலிருந்து 88 செ.மீ. எங்கள் ஆசிரியர்கள் நின்றபடி கையை மடக்கினால் முழங்கை எங்கே வருகிறது என்று அளந்து, அதைவிடச் சற்றுக் கீழே வைத்தோம். 18 மி.மீ. பிளைவுட் இரண்டை ஒட்டி 36 மி.மீ. பலகை, எனவே கால்களின் நீளம் 84.4 செ.மீ. கீழ்ச் சட்டத்தின் மையத்துக்கும் மேல் சட்டத்தின் மையத்துக்கும் இடையே 60 செ.மீ. ஆகையால் பக்கவாட்டில் போடும் குறுக்குச் சட்டமும் மையத்துக்கு மையம் 75 செ.மீ.தான் வரும். பின்புறம் 60-க்கு 60 சதுரம். அங்கே குறுக்குச் சட்டம் 85 செ.மீ.க்கு ஒன்றரை மில்லிமீட்டர் குறைவு. வர்க்கமூலம் 2-ஐத் தசமத்தில் போட்டுப் பார்க்க மாணவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்தது.

அந்தக் குறுக்குச் சட்டம் எதற்கு? நான்கு குச்சிகளை மூலைகளில் ஆணியால் இணைத்துச் சதுரம் செய்து, பக்கவாட்டில் தள்ளச் சொல்லுங்கள். சாய்சதுரமாகப் படுத்துவிடும். மூன்று குச்சிகளால் முக்கோணம் செய்து தள்ளச் சொல்லுங்கள். அசையாது. மூன்று பக்கங்களும் தீர்மானமாகிவிட்டால் முக்கோணத்துக்கு வேறு வடிவம் எடுக்க வழியில்லை. ப-ப-ப சர்வசம விதி சொல்வது அதைத்தான். அரக்கோணம் சந்திப்பில் நடைமேடையில் நின்று மேலே பார்த்தால், மின்கம்பிகளைத் தாங்கும் இரும்புச் சட்டகங்களில் குறுக்கும் நெடுக்குமாக முக்கோணங்கள்தாம். இந்த விதியை நடத்த எனக்குக் கரும்பலகையைவிட இரயில் நிலையம் பிடித்திருக்கிறது. தாங்கியின் மூன்று பக்கங்களில் குறுக்குச் சட்டம் போட்டோம். முன்பக்கம் மட்டும் திறந்திருக்கிறது. இயந்திரத்தின் உயரத்தை மாற்றக் கை உள்ளே போக வேண்டுமே.

மூட்டுகளைக் கழுந்தும் துளையுமாகச் செய்தால் அழகு, உறுதி. அதற்கு நல்ல உளி வேலை தெரிய வேண்டும். நாங்கள் பெவிகாலுடன் 8 மி.மீ. போல்ட், இரு பக்கமும் அகலமான வாஷர் என்று முடித்தோம். நொடிக்கு 400 முறை அதிரும் பொருளில் சாதாரண நட்டு மெல்லக் கழன்று வரும். நைலான் வளையம் உள்ள நட்டு போடுங்கள். கிடைக்காவிட்டால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு நட்டுகள். ஆணி மட்டும் வேண்டாம்.

நான்கு கால் உள்ள எதுவும் சமமில்லாத தரையில் ஆடும். மூன்று புள்ளிகள் ஒரே தளத்தில் அமைந்தே தீரும். நான்காவது அந்தத் தளத்தில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மடித்த காகிதத்தைச் செருகுவது தேர்வு அறைக்குச் சரி. இங்கே ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு நட்டைப் பதித்து, அதில் 12 மி.மீ. போல்ட்டைத் தலை கீழாக இருக்கும்படி முடுக்கினோம். இந்த போல்ட்டின் புரியிடைத் தூரம் 1.75 மி.மீ. கால் சுற்று திருகினால் கால் ஏறத்தாழ 0.44 மி.மீ. உயரும். திருகு அளவியைப் பாடத்தில் படித்த குழந்தை, இந்த போல்ட்டும் அதே வேலையைச் செய்வதைக் கண்டுகொள்ளும். தரையில் வழுக்காமல் இருக்க, காலணிக்குப் பயன்படும் சோல் ரப்பர் வெட்டுத்துண்டுகளைப் போல்ட் தலையின் அடியில் ஒட்டினோம். எங்கள் பக்கத்தில் அதற்குப் பஞ்சம் இல்லை.

இனிக் கவிழ்தல். மேசையில் மரத்தை வலமிருந்து இடமாகத் தள்ளுகிறோம். கூடவே பின்னால் உள்ள தடுப்புப் பலகையை நோக்கியும் அழுத்துகிறோம். திசையை மாற்றி இடமிருந்து வலமாகத் தள்ளினால் பிட் மரத்தைப் பற்றி இழுத்துக்கொண்டு போய்விடும். அது ஒருபோதும் கூடாது. பின்னோக்கி அழுத்தும் விசைக்குத் தாங்கி கவிழுமா என்பது பத்தாம் வகுப்பில் வரும் திருப்புத்திறன் கணக்கு. தாங்கியும் இயந்திரமும் சேர்ந்து 20 கிலோ என்றால் எடை 200 நியூட்டன். அது பின்காலிலிருந்து 22.5 செ.மீ. முன்னால் செயல்படுகிறது. நாம் 88 செ.மீ. உயரத்தில் தள்ளுகிறோம். 200-ஐ 22.5-ஆல் பெருக்கி 88-ஆல் வகுத்தால் 51 நியூட்டன், அதாவது ஐந்து கிலோ பையைத் தூக்கும் விசை. அவ்வளவில் முன்கால்கள் தரையை விடத் தொடங்கும். இது போதாது. கீழ்ச் சட்டங்களின்மேல் ஒரு பலகை போட்டு, 30 கிலோ மணலை மூட்டைகளாகக் கட்டி வைத்தோம். இப்போது 128 நியூட்டன் வேண்டும்.

மணலை ஏன் கீழே வைக்க வேண்டும், மேலே வைத்தால் என்ன என்று மாணவர்களைக் கேளுங்கள். கால் தரையை விடத் தொடங்கும் விசை இரண்டிலும் ஒன்றேதான். சூத்திரத்தில் மணலின் உயரம் வரவே இல்லை. கொஞ்சம் சாய்ந்த பிறகு, தானே திரும்பி நிற்குமா, விழுமா என்பதில்தான் ஈர்ப்பு மையத்தின் உயரம் வேலை செய்கிறது. இந்த வேறுபாட்டை வகுப்பில் ஒரு மாணவர் தானாகச் சொன்னால் அன்றைய பாடம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

மரவேலை பள்ளிக்குள் வருவது பற்றி நம் மாநிலத்தில் ஒரு தயக்கம் உண்டு. அதற்கு நியாயமும் உண்டு. 1953-இல் கொண்டுவரப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம், பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று அமைந்தது. குலக்கல்வி என்று கடுமையாக எதிர்க்கப்பட்டு, 1954-இல் காமராசர் முதலமைச்சரானபின் கைவிடப்பட்டது. தச்சர் பிள்ளைக்குத் தச்சு, தோல் தொழிலாளி பிள்ளைக்குத் தோல் என்பது கல்வி அல்ல. 1870-களில் ஸ்வீடனில் நேஸ் என்ற இடத்தில் ஓட்டோ சாலமன் ஆசிரியர்களுக்கு மரவேலைப் பயிற்சி அளிக்கத் தொடங்கியபோது, நோக்கம் தச்சர்களை உருவாக்குவதாக இருக்கவில்லை. கையும் கண்ணும் சேர்ந்து கவனிக்கப் பழக வேண்டும் என்பதே. எங்கள் தாங்கியை அளந்தவர்களில் பாதிப் பேர் மாணவிகள். யார் பிள்ளை எதைச் செய்வது என்று யாரும் பிரிக்கவில்லை. வரிசை எண் ஒற்றைப்படை, இரட்டைப்படை என்றுதான் குழு பிரித்தேன்.

ஆனால் ஒரு கோடு அழுத்தமாகப் போட்டிருக்கிறேன். அளப்பது, வரைவது, உப்புத்தாள் தேய்ப்பது, வண்ணம் பூசுவது மாணவர்கள் வேலை. மின்சாரத்தில் ஓடும் எதையும் பயிற்சி பெற்ற பெரியவர் மட்டுமே தொடுவார். அப்போது மாணவர்கள் அந்த அறையில் இருப்பதில்லை. ஓட்டுபவருக்குக் கண்ணாடி, காதடைப்பான், முகக்கவசம் கட்டாயம். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொள்வது போதாது. கையுறை போடக் கூடாது, சுழலும் பிட் அதைப் பற்றி விரலோடு இழுக்கும். துப்பட்டா, சேலைத் தலைப்பு, அடையாள அட்டைக் கயிறு எதுவும் தொங்கக் கூடாது. சரியான எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் சாதனமும் இல்லாத இணைப்பில் இயந்திரத்தை ஓட்ட வேண்டாம். நிறுத்தும் சுவிட்சைத் தாங்கியின் முன்காலில், தொடை இடித்தாலே அணையும் உயரத்தில் வைத்தோம். பிட் மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்கிக் கண்ணில் படும் இடத்தில் வைக்க வேண்டும்.

தாங்கி சரியாக அமைந்ததா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பிட்டைக் கழற்றிவிட்டு, இயந்திரம் இருக்கும் துளைக்குத் தள்ளி, மேசைமேல் கொஞ்சம் ரவையைத் தூவி, மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். ரவை ஒரு மூலையை நோக்கி நகர்ந்தால் அந்தப் பக்கம் மட்டம் இல்லை. ஓரிடத்தில் மட்டும் துள்ளினால் அதற்கு அடியிலுள்ள போல்ட்டை முடுக்குங்கள். பள்ளி திறக்கும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் எல்லா நட்டுகளையும் ஸ்பேனரால் ஒருமுறை தொட்டுப் பார்த்து, தேதியையும் பெயரையும் தாங்கியின் உட்பக்கம் ஒட்டிய தாளில் எழுதிவிடுகிறோம். மழைக்காலம் வந்ததும் மரம் ஈரம் குடித்துப் பருக்கும், வெயில் வந்ததும் சுருங்கும். ஐப்பசியில் முடுக்கியது பங்குனியில் தளர்ந்திருக்கும்.