துண்டு என்னுஞ் சொல்

ஒரு பொருளினின்று பிரிந்த சிறு கூறு, பெரும்பாலும் அது பிரிந்த வகையாற் பெயர் பெறுகின்றது. ஆங்கிலத்திலே ‘பிராக்மென்ற்’ என்பது உடைத்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையடியாகப் பிறந்தது. ‘ஸ்கிராப்’ என்பது சுரண்டுதலைக் குறிக்கும் பழைய நோர்ஸ் மொழிச் சொல்லின் வழிவந்தது. தமிழிலே ‘துண்டு’ என்பது துண்டித்தலோடு உறவுடையது.

சிறு கடிதத்தைக் குறிக்கும் ‘சிட்’ என்னும் ஆங்கிலச் சொல், ‘சிட்டி’ என்னும் இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து பெறப்பட்டதாகும். அவ்வாறே ‘துண்டு’ என்பதும் இலங்கைத் தோட்டத்துரைமாரின் ஆங்கிலத்திற் புகுந்தது. பதுளை முதலிய மலைநாட்டுத் தோட்டங்களில் அஃது ஒரு சீட்டின் பெயராயிற்று. கங்காணியும் அவருடைய ஆட்களும் பட்ட கடன் செலுத்தப்படின் அவர்களை விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதிக் கொடுப்பதே துண்டு. அச்சீட்டின்றி வேறு தோட்டஞ் சேர்தல் அரிது. புதிய தோட்டத்தார் கடனைச் செலுத்தி ஆட்களை ஏற்பர்; செலுத்திய தொகை மீண்டும் அவ்வாட்களின் கணக்கிலேயே எழுதப்படும். ஆட்கள் பெயர்ந்தனர், கடனும் உடன்பெயர்ந்தது.

1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் இம்முறையை ஒழித்தது. துண்டித்தலைப் பொருளாகவுடைய சொல், கடனைத் துண்டியாத ஒரு சீட்டுக்குப் பெயராய் நின்றமை கருதத்தக்கது.