அடங்கல் எழுதப் பழகுதல்

கிராம நிர்வாக அலுவலர்களுக்கான பயிற்சியில் முதன்மையான பாடங்கள் இரண்டு: நில அளவை, கிராமக் கணக்கு. ஒரு காலத்தில் இவை பெரும்பாலும் ஊர்க் கணக்கரான கர்ணத்தின் வீட்டுத் திண்ணையிலேயே கற்கப்பட்டன. அப்பா எழுதுவதைப் பார்த்து மகன் பழகினான். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், முன்சீப் பதவிகளை அவசரச் சட்டத்தால் ஒழித்தது. இன்று தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில் வென்று, ஊரையே பார்த்திராதவரும் அந்த நாற்காலிக்கு வருகிறார். திண்ணை தந்த படிப்பைத் தரும் பொறுப்பு அரசின் தலையில் விழுந்தது.

அளவைப் பாடம் சங்கிலியில் தொடங்குகிறது. பழைய கண்டர் சங்கிலி 66 அடி, 100 கண்ணிகள். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஆயிரம் சதுரக் கண்ணி ஒரு சென்ட். புலப்படம் காட்டும் அளவைக் கோடான ஜி லைன் ஓரமாக நடந்து, வரப்பு வளையும் இடத்துக்கு நேராக நின்று, அங்கிருந்து செங்கோணத்தில் வரப்பு வரை உள்ள தூரத்தை அளப்பது ஆஃப்செட். இதைக் கரும்பலகையில் அரை மணியில் சொல்லிவிடலாம். அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசலில் பாடம் வேறு. வெயிலில் பிளந்து மழையில் உப்பும் மண்ணில் எல்லைக்கல் சாயும். சாய்ந்த கல்லை நம்பி அளக்காமல், வேறு இரண்டு கற்களிலிருந்து சரிபார்க்கும் பழக்கம் வயலில் நின்றால்தான் வரும்.

கணக்குகளில் கடினமானது இரண்டாம் எண் கணக்கான அடங்கல். எந்தப் புல எண்ணில், எந்தப் பயிர், எவ்வளவு பரப்பு என்று பசலி என்னும் வருவாய் ஆண்டுதோறும் பதிவது இது. பசலி ஜூலை 1-இல் பிறக்கிறது. மானாவாரிக் கரிசலுக்கோ ஐப்பசி மழையில்தான் ஆண்டு பிறக்கிறது. புரட்டாசியில் உழுது போட்டிருக்கும் புஞ்சையைப் பார்த்துப் புதியவர் ‘தரிசு’ என்று எழுதிவிட்டால், கார்த்திகையில் அங்கே நிற்கும் உளுந்து கணக்கில் இல்லாமல் போகும். பருத்திக்கு இடையே பாசியோ துவரையோ நின்றால் பரப்பைப் பிரித்து எழுத வேண்டும். சீமைக் கருவேலம் மூடிய நிலத்தில் பயிர் இருப்பதாக எழுதச் சொல்லி வருபவரிடம் முடியாது என்று சொல்லவும் தெரிய வேண்டும்.

அடங்கலில் எழுதும் இந்த ஒரு வரியைப் பிடித்துத்தான் பயிர்க் காப்பீடு நிற்கிறது. மழை பொய்த்து 33 விழுக்காட்டுக்கு மேல் பயிர் அழிந்தால் கிடைக்கும் நிவாரணத்துக்கும் அடங்கல்தான் ஆதாரம். மின் அடங்கல் வந்த பிறகும் வயலுக்குப் போய்ப் பார்க்கும் வேலை குறையவில்லை. கைபேசியில் ஏற்றுவதற்கு முன் பயிரை இன்னதென்று அறிய வேண்டும்.

அந்த அறிவைத் தருபவர் பெரும்பாலும் கிராம உதவியாளர், ஊர்ப் பேச்சில் தலையாரி. புல எண் சொன்னால் அவர் புஞ்சையின் பெயரைச் சொல்வார். யார் உழுகிறார், கண்மாய்த் தண்ணீர் எதுவரை ஏறும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பயிற்சித் திட்டம் எதிலும் அவர் ஆசிரியராகக் குறிக்கப்படுவதில்லை. அது பெரிய குறை. காலத்தைத் தேர்வதும் அப்படியே: நியமன ஆணை வந்த மாதத்தைப் பொறுத்துப் பயிற்சி நடத்தினால், கோடையில் வெற்றுக் கரிசலைக் காட்டிப் பயிராய்வு கற்பிக்க நேரும். ஐப்பசி தொடங்கித் தை வரை ஒரு பிர்க்காவில் (குறுவட்டத்தில்) மூத்த அலுவலரோடும் தலையாரியோடும் நடக்க வைப்பதே இந்தக் கரிசல் வட்டங்களுக்குப் பொருந்தும். விதைப்பு, களையெடுப்பு, அறுப்பு மூன்றையும் ஒரே புலத்தில் பார்த்தவர், வருவாய் ஆய்வாளர் மறுபார்வைக்கு வரும்போதும், பசலி முடிவில் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தி மேசையிலும் தம் கணக்குக்குத் தாமே பதில் சொல்வார்.