ஷேக்ஸ்பியரின் தாய் யார்? தேவாலயப் பதிவேடு சொல்லாத பதில்

இங்கிலாந்தில் அரசாங்கப் பிறப்புப் பதிவு 1837 ஜூலை 1ஆம் தேதிதான் தொடங்கியது. அதற்கு முந்திய தலைமுறைகளைத் தேடுவோருக்குப் பெரிதும் கைகொடுப்பவை தேவாலயப் பதிவேடுகள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை எழுதிவைக்குமாறு 1538இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் உத்தரவிட்டார்.

பதிவேட்டில் பெயரைக் கண்டதும் பெற்றோரைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்துவிடக்கூடாது. மாணவர்கள் நன்கறிந்த ஷேக்ஸ்பியரே இதற்குச் சான்று.

ஒரே பெயரில் இருவர்

ஸ்ட்ராட்ஃபோர்டு தேவாலயத்தில் 1564 ஏப்ரல் 26ஆம் தேதிப் பதிவு, வில்லியம் என்பவர் ஜான் ஷேக்ஸ்பியரின் மகன் என்கிறது. தாயின் பெயர் இல்லை. அதே ஊரில் காலணி தைக்கும் இன்னொரு ஜான் ஷேக்ஸ்பியரும் இருந்தார். அவருடைய பிள்ளைகள் மூவரைக் கவிஞரின் உடன்பிறப்புகள் என்று முன்பு சிலர் எண்ணினர்.

குழப்பம் தீர உதவியது ஒரு சிறு மரியாதைச் சொல். கவிஞரின் தந்தை கையுறை செய்பவர். 1568இல் நகரத் தலைவரானார். 1571 முதல் 1580 வரை அவருடைய பிள்ளைகள் மூவரின் பதிவுகளில் தந்தை பெயருக்கு முன் ‘மாஸ்டர்’ என்ற அடைமொழி உள்ளது. காலணி தைப்பவரின் பிள்ளைகளுக்கான பதிவுகளில் அது இல்லை.

தாயைக் காட்டிய நிலம்

ராபர்ட் ஆர்டன் என்ற விவசாயி 1556இல் எழுதிய உயிலில், வில்ம்கோட் கிராமத்து நிலத்தை மகள் மேரிக்குக் கொடுத்தார். 1578இல் ஜானும் அவர் மனைவி மேரியும் அந்த நிலத்தை அடகு வைத்தனர். இரண்டு ஆவணங்களையும் சேர்த்துப் படித்தால், கவிஞரின் தாய் மேரி ஆர்டன் என்பது தெளிவாகிறது.

தேடும்போது கவனிக்க

* அடக்கப் பதிவையும் பாருங்கள். இறந்த குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பது வழக்கம். ஷேக்ஸ்பியர் குடும்பத்திலும் ஜோன் என்ற பெயரில் இருவர் பிறந்தனர்.

* 1752க்கு முன் அங்கு ஆண்டு மார்ச் 25ஆம் தேதி பிறந்தது. 1700 பிப்ரவரி என்று எழுதியிருந்தால், நம் கணக்கில் அது 1701.

* 1813 முதல் அச்சிட்ட ஞானஸ்நானப் படிவத்தில் பெற்றோர் பெயர், வசிப்பிடம், தந்தையின் தொழில் ஆகியவை கேட்கப்பட்டன.

* திருமணமாகாத பெண்ணின் குழந்தைக்குப் பெரும்பாலும் தாய் பெயரை மட்டும் எழுதினர். ஆனால், வளர்ப்புச் செலவைத் தந்தையிடம் வாங்க எழுதிய ஒப்பந்தங்கள் சில ஊர்களில் எஞ்சியுள்ளன. பதிவேடு மறைத்த பெயர் அங்கே இருக்கலாம்.

ஒரு பதிவு துப்பு மட்டுமே. அதனுடன் தொடர்பில்லாத இன்னோர் ஆவணமும் அதையே சொன்னால்தான் உறவை உறுதியாக நம்பலாம்.